துடைத்தார், துடைத்தாள்

என் மருமகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிற மாமியார் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். அதற்காகவே பக்கத்து வீட்டுக்காரிகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாய் இருக்கிறது. சொல்கிறேன், எழுதுகிறவள் எழுதிக்கொள்ளட்டும்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. பதினோரு வருடமாக. சின்னப் பிள்ளைகள் படிக்கிற கட்டடம் முழுக்க அவள் பொறுப்பு. காலை ஏழு மணிக்குள் போய் ஒன்பது அறைகளைத் திறக்க வேண்டும். பெஞ்சு துடைத்து, பலகை துடைத்து, தண்ணீர் டிரம்மை நிரப்பி, கழிப்பறையில் பினாயில் ஊற்றித் தேய்க்க வேண்டும். வேன்கள் வந்ததும் இறங்குகிற பிள்ளைகளை எண்ணி உள்ளே அனுப்ப வேண்டும். இதெல்லாம் வேலையில் சேராது. மணி அடித்த பிறகுதான் வேலையே. ஐந்து ஐந்து பேராக வரிசை கட்டி ஒண்ணுக்குக் கூட்டிப் போவது, பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டுவிடுவது, ஷூ கயிறு கட்டுவது, மூக்கைச் சிந்திவிடுவது, ஒருவன் வாந்தி எடுத்தால் மரத்தூளைத் தூவி அள்ளுவது. மாற்று ஜட்டிகள் வைத்த ஒரு துணிப் பை எப்போதும் தோளில் தொங்கும். எந்தப் பிள்ளைக்கு முட்டை சாப்பிட்டால் உடம்பு தடிக்கும், எது அழ ஆரம்பித்தால் மூச்சு முட்டும், எந்த வீட்டில் அப்பா இரண்டு மாதமாகக் கண்ணில் படவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். டீச்சர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ரோல் நம்பர் தெரியும்.

பள்ளி திறக்கிற முதல் வாரம் அவளைப் பார்க்க வேண்டும். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, பின்னால் விரலைச் சூப்பிக்கொண்டு இரண்டு. எல்லாம் புதுசு, எல்லாம் அழுகை. வாய் தவறி அவளை அம்மா என்றே கூப்பிடும். "வா, வீட்டுக்குப் போலாம், வா" என்று கையைப் பிடித்து இழுக்கும். அந்த "வா"வைக் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று மாதம் போகட்டும். அதே வாய், அதே "வா". ஆனால் தூரத்திலிருந்து வரும். "ஏய் ஆயா, இங்க வா. இது கீழ கொட்டிடுச்சு." காதில் விழுகிற சத்தம் ஒன்றுதான். பெற்றவளைப் பிள்ளை "வா" என்பதற்கும், இந்த "வா"வுக்கும் உள்ள வித்தியாசத்தை வயிறு கண்டுபிடித்துவிடும். யாரடா சொல்லிக் கொடுத்தது என்று பார்த்தால், ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டீச்சர், "ஆயா, இதைத் துடை" என்பாள். இன்னொரு டீச்சர் வந்தால், "வாங்க மிஸ், உட்காருங்க மிஸ்." பிள்ளைகள் அங்கேயேதானே உட்கார்ந்திருக்கின்றன? காது இருக்கிறதல்லவா?

அப்புறம் அந்தக் கழுத்து நாடா. டீச்சர்களுக்கு நீல நாடாவில் அட்டை தொங்கும். ஆயா, காவலாளி, வேன் ஓட்டுகிறவருக்குச் சாம்பல் நாடா. அந்தப் பிள்ளைகளுக்கு அ, ஆ கூட ஒழுங்காக வராது. நாடாவைப் படித்துவிடும். நீலத்தைக் கண்டால் எழுந்து நின்று குட் மார்னிங். சாம்பலைக் கண்டால் காலை நீட்டும், ஷூ கயிறு கட்டச் சொல்லி.

வேன் ஓட்டுகிற தம்பி ஒரு நாள் மச்சான் கல்யாணத்துக்குப் போகிற வழியில் கோட்டும் டையுமாக வந்து பிள்ளைகளை இறக்கியிருக்கிறார். சாம்பல் நாடாவைக் கழற்றி வைத்துவிட்டார். வராந்தாவில் நடந்தபோது ஒரு வகுப்பே எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றதாம். எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாலு வருஷமா தினமும் ஏத்தி இறக்குறேன்மா. 'டேய் வேன், ஏன்டா லேட்டு'ன்னு கேட்ட வாய்மா அது!"

"இனிமே டையைக் கட்டிக்கிட்டே ஓட்டு" என்றாள் மருமகள்.

"கியர்ல மாட்டிக்கும்க்கா. அப்புறம் சாருக்கு மாலை போட்டு உட்கார வைப்பீங்க."

சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலு வயதுப் பிள்ளை. பால் வாசனை போகவில்லை. அதற்குள் ஆள் பார்த்து எடை போடத் தெரிந்துவிட்டது.

இதெல்லாம் ஊரார் பிள்ளைகள் சங்கதி. இனி எங்கள் வீட்டுச் சங்கதி.

என் மகன் சுவருக்குச் சாயம் அடிக்கிறவன். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவான். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவர்களுக்கு ஒரே பெண். அவளுக்கு ஆறு வயதானபோது பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை என் மருமகளைக் கூப்பிட்டார். எல்லோரும் அவரைப் பெரிய மிஸ் என்பார்கள். 'கூப்பிட்டார்' என்று மரியாதையாகவே சொல்கிறேன், கவனித்துக்கொள்ளுங்கள். எனக்கு மரியாதை தெரியும்.

"இவ்ளோ வருஷம் உழைச்சிருக்கே. உன் பொண்ணை இங்கயே சேர்த்துக்கறோம், ஃபீஸ் வேணாம்" என்றாராம். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு. ஸ்கூல்ல அவ உன்னை அம்மான்னு கூப்பிட வேண்டாம். மத்த பேரன்ட்ஸ் ஒரு மாதிரி நினைப்பாங்க. உன் பிள்ளைக்கும் நல்லது. பசங்க கேலி பண்ணுவாங்க இல்ல?"

எவ்வளவு பதமாகச் சொல்லியிருக்கிறார், பாருங்கள்! கத்திக்கு வெண்ணெய் தடவின மாதிரி.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. தாயும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள்.

"ஸ்கூல்ல நான் யாரு?"

"அம்மா."

"இல்லடா கண்ணு. ஸ்கூல்ல?"

"ஆயா."

"ஆயாகிட்ட ஓடி வரலாமா?"

"வரக் கூடாது."

"அழுகை வந்தா?"

"மிஸ்கிட்ட சொல்லணும்."

"என் தங்கம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏம்மா, பெத்தவளை ஆயான்னு கூப்பிடச் சொல்லி எந்த ஊர்லம்மா பாடம் நடத்துவாங்க? உனக்குக் கூசலையா?"

"ஆறு மணி நேரம்தானே அத்தை. மீதி நேரம் அம்மாதானே."

"ஆறு மணி நேரம் செத்துப் போயிட்டு மீதி நேரம் உசிரோட இருக்கியா?"

அவள் கோபப்படவில்லை. அவளுக்குக் கோபம் லேசில் வராது, அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம். "அத்தை, நான் எட்டாவதோட நின்னவ. இவ பத்தாவது, பன்னெண்டாவது, அதுக்கு மேலயும் படிக்கட்டும். நீல நாடாவைப் போட்டுக்கிட்டு அதே வாசல்ல மிஸ்ஸா வந்து நிக்கட்டும். அன்னிக்கு ஊரைக் கூட்டிச் சொல்றேன், இவ என் பொண்ணுன்னு. அது வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்குறது எனக்குக் கஷ்டமா?"

ஃபீஸ் இல்லாமல் கிடைத்த அந்தப் பள்ளிக்கூடச் சீட்டு அவளுக்கு உயிர். அது புரிந்தபின் நான் வாயை மூடிக்கொண்டேன். என்னைப் போன்றவளுக்கு அது சின்ன வேலை இல்லை.

முதல் வருடம் பிள்ளை கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. இவள் பஞ்சையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். பிள்ளை டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதுகொண்டே, "ஆயா, மெதுவா போடு" என்றதாம். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். "ரத்தம் வருது அத்தை, அப்பக்கூட ஒரு தடவை தப்பா கூப்பிடலை. எவ்ளோ சமத்து!"

நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தாய் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி கண்ணு, இவ்ளோ எழுதுறே?"

"இம்போசிஷன் பாட்டி. தப்பு பண்ணிட்டேன். அம்பது தடவை எழுதணும்."

"என்ன தப்பு?"

"ஆயாவுக்கு 'ர்' போட்டுட்டேன். 'ள்' போடணுமாம்."

எனக்குப் புரியவில்லை. பிள்ளையே பொறுமையாக விளக்கியது. தமிழ் மிஸ் ஒரு தாள் கொடுத்தாராம். அதில் படம் போட்டு, பக்கத்தில் பாதி வரி எழுதியிருக்குமாம். மீதியை நிரப்ப வேண்டும். டாக்டர் படம்: மருந்து கொடுத்தார். டீச்சர் படம்: பாடம் நடத்தினார். ஆயா படம், கையில் துடைப்பத்தோடு. என் பேத்தி, "ஆயா தரையைத் துடைத்தார்" என்று எழுதியிருக்கிறது. காவலாளிக்கும், "கதவைத் திறந்தார்." இரண்டுக்கும் சிவப்பு. ஆயா துடைத்தாள், காவலாளி திறந்தான். அதுதான் சரியான விடை.

"மிஸ் சொன்னாங்க, மரியாதை யாருக்குக் கொடுக்கணும்னு தெரிஞ்சு கொடுக்கணுமாம்."

மிஸ் 'சொன்னாங்க'. கேட்டீர்களா? பிள்ளைக்குப் பாடம் நன்றாகவே ஏறியிருந்தது.

எனக்கு எழுத்து தெரியாது. சிவப்பு தெரியும். ஒரே மாதிரி வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வருவதைப் பார்க்கவும் தெரியும். அந்தத் தாள் முழுக்க ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து, "முப்பத்தி நாலு. 'ள்' சுழியைச் சரியா போடு கண்ணு, இல்லன்னா மறுபடி எழுதச் சொல்வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நானும் மருமகளை அவள், வந்தாள், போனாள் என்றுதான் சொல்கிறேன். என் பெண்ணாக நினைத்துச் சொல்கிறேன். அந்த 'ள்' எங்கள் வீட்டு 'ள்'. அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்கிற 'ள்'. தாளில் இருந்தது துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளுகிற 'ள்'.

"அந்த நோட்டை இப்படிக் கொடு" என்றேன்.

"அத்தை, விடுங்க."

"உன்னைப் பத்தி உன் பிள்ளையையே எழுத வைக்குறாங்க. நீ கோடு போட்டுக் கொடுக்குறியா? சூடு இல்ல, சொரணை இல்ல?"

அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்து பார்த்தேன். அதுவும் என்மேல். "நீங்க மட்டும் என்னத்தை பெரிசா? தினமும் காலைல 'குப்பைக்காரன் வந்தானா, வந்தானா'ன்னு வாசல்ல நின்னு கேக்குறீங்களே. அவருக்கு உங்க மகனைவிட பத்து வயசு கூட. நரைச்ச தலை. என்னிக்காவது வந்தாரான்னு கேட்டிருக்கீங்களா?"

பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தது.

நோட்டுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் போய் நின்றேன். குப்பை வண்டி வந்தது. நான் பிடிவாதக்காரி, ஒன்றை நினைத்துவிட்டால் செய்துவிடுவேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாங்க" என்றேன். அந்த மனிதர் திரும்பித் தன் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். ஒருவரும் இல்லை.

"யாரைக் கூப்பிடுறீங்கம்மா?"

"உங்களைத்தான். வாங்க, இந்தாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனாம்மா? நேத்து சரியா கூட்டலையா?"

மரியாதை கொடுத்தால் பயப்படுகிற அளவுக்கு ஒரு மனிதரை வைத்திருந்திருக்கிறோம். அந்த 'வைத்திருந்தவர்களில்' நானும் உண்டு. உள்ளே வந்து வாயைக் கொப்பளித்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத எனக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? தெரு சொல்லிக் கொடுத்தது. பள்ளிக்கூடம் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. தெருவில் கிடந்ததைப் பொறுக்கி எடுத்து, கோடு போட்ட தாளில் அச்சடித்து, அதற்கு மார்க் போடுகிறது.

அவர்கள் செய்கிற தப்பை நானும் செய்கிறேன் என்பதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? என் தப்புக்கு மார்க் கிடையாதே. மருமகள் வேலைக்குப் போன பிறகு, என்னிடம் இருக்கிற நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தெருமுனையில் பேருந்தைப் பிடித்து, அவளிடம் சொல்லாமல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பெரிய மிஸ் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் கண்ணாடி. அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தார்.

"வாங்கம்மா, உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி சாப்பிடுறீங்களா? எந்தக் குழந்தையோட பாட்டி நீங்க?"

குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்? உட்கார்ந்தேன். "ரெண்டாம் கிளாஸ். உங்க ஆயா இருக்காளே, அவளோட மாமியார் நான்."

"ஓ." அவர் மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். "என்ன விஷயம், சொல்லு."

இரண்டு மூச்சு விடுகிற நேரம். அதற்குள் 'ங்க' பறந்துவிட்டது. தண்ணீரும் வரவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். நான் எழுந்துகொள்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ஆயா துடைத்தார்னு எழுதினா என்ன தப்பு?" என்று கேட்டேன்.

தமிழ் மிஸ்ஸைக் கூப்பிட்டார். சின்னப் பெண். கெட்டவள் இல்லை, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "மாதிரித் தாள்லயே அப்படித்தான் மேடம் இருந்துச்சு. நம்ம எல்லாரும் பேசுறதும் அப்படித்தானே" என்றாள்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் பெரிய மிஸ். "இது இலக்கணம். பொம்பளையை அவள்னு சொல்றதுல என்ன குறை?"

"அப்போ, பெரிய மிஸ் சொன்னாள், பெரிய மிஸ் போனாள்னு பிள்ளை எழுதினா மார்க் போடுவீங்களா?"

தமிழ் மிஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெரிய மிஸ்ஸுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மணியை அடித்து, "ஆயாவை வரச் சொல்லு. அந்தக் குழந்தையையும்" என்றார்.

மருமகள் வந்தாள். கையில் ஈரத் துடைப்பம், தோளில் அந்தத் துணிப் பை. நாற்காலியில் என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"உன் மாமியார் சண்டைக்கு வந்திருக்கா. நாங்க நடத்துற பாடத்துல உனக்கு ஏதாவது குறை இருக்கா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இல்ல மேடம். அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டாள். எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சீட்டு கையை விட்டுப் போய்விடுமோ என்று அவள் விரல்கள் துடைப்பக் கட்டையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். அதற்குமேல் என்ன கோபப்படுவது?

பிள்ளை உள்ளே வந்தது. "குட் மார்னிங் மேம்." கை கட்டி நின்றது.

"வெரி குட். இது யாரு?" பெரிய மிஸ் என் மருமகளைக் காட்டினார்.

"ஆயா." ஒரு இமைப்பொழுது கூடத் தயங்கவில்லை.

"ஆயா தரையை என்ன பண்ணினா?"

"ஆயா தரையைத் துடைத்தாள்."

"பார்த்தியா, குழந்தைக்குப் புரியுது." பெரிய மிஸ் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். வெற்றி வந்தால் யாருக்கு நிறுத்தத் தெரிகிறது? என்னைக் காட்டி, "சரி, இது யாரு?" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்தது. இந்தக் கேள்விக்கு வீட்டில் ஒத்திகை நடக்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தது. தாயின் கழுத்தில் இருந்த சாம்பல் நாடாவைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. கணக்குப் போடுகிற மாதிரி நெற்றியைச் சுருக்கியது. ஆயாவின் மாமியாரைத் தெரியும் என்றால் ஆயாவையும் தெரியும் என்று ஆகிவிடும் அல்லவா?

"தெரியாது மேம்" என்றது.

நான் குளிப்பாட்டிய பிள்ளை. நான் தலை வாரி அனுப்பிய பிள்ளை.

மருமகள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மெதுவாக, சத்தமே வராமல் வைத்தாள். பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"பாட்டிடா கண்ணு அது. உன் பாட்டி."

பிள்ளை தன் ஷூவைப் பார்த்தது.

"நான் யாரு?"

"ஆயா."

"இல்ல. நான் யாருன்னு கேட்டேன்."

"ஸ்கூல்ல ஆயா." சரியான விடையைச் சொன்ன பிள்ளை மார்க்குக்குக் காத்திருக்குமே, அப்படி ஒரு முகத்தோடு தாயைப் பார்த்தது. வீட்டில் என்றால் இந்த இடத்தில் 'என் தங்கம்' கிடைத்திருக்கும்.

அவள் எழுந்துகொண்டாள்.

"சரி சரி, கிளாஸுக்கு அனுப்பு" என்றார் பெரிய மிஸ்.

"கிளாஸுக்கு இல்ல மேடம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வேற ஸ்கூல் பார்த்துக்குறேன்."

"யோசிச்சுப் பேசு. இந்தச் சீட்டை விட்டா திரும்பக் கிடைக்காது."

"யோசிச்சுத்தான் மேடம் ஒன்றரை வருஷம் பேசாம இருந்தேன்."

"உன் வேலை?"

"நீங்க வேணாம்னா நின்னுடுறேன். மூணாவது ரூம்ல ஒரு பிள்ளைக்குக் காலையிலருந்து வயித்தால போகுது. அதைக் கழுவி விட்டுட்டு, இந்தப் பையை யாருகிட்டயாவது கொடுத்துட்டுத்தான் போவேன். யாருகிட்ட கொடுக்கட்டும்?"

பெரிய மிஸ் தமிழ் மிஸ்ஸைப் பார்த்தார். தமிழ் மிஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பையை வாங்க அந்த அறையில் ஆள் இல்லை. அதனால் என் மருமகளுக்கு வேலை போகவில்லை. இன்றும் ஏழு மணிக்குப் போகிறாள்.

அந்தத் தாளையும் மாற்றிவிட்டார்களாம், தமிழ் மிஸ்ஸே இவளிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டர் இருக்கிறார், டீச்சர் இருக்கிறார், ஒரு பசு இருக்கிறது. ஆயாவும் காவலாளியும் இல்லை. 'ர்' போடுவதா 'ள்' போடுவதா என்ற வம்பே வேண்டாம் என்று ஆளையே எடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டு நான் காறித் துப்பினேன். வாசலில்தான். நானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

பிள்ளையை இப்போது சந்தைக்குப் பின்னால் இருக்கிற பொதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். குழாயில் தண்ணீர் ஒழுகும், பெஞ்சு ஆடும். அங்கே எல்லாம் சொக்கத் தங்கம் என்று நான் கதை விடமாட்டேன். கூட்டுகிற அம்மாவை அங்கேயும் "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாடாதான் இல்லை. என் மகன் வந்து, "நல்ல சீட்டைக் கெடுத்துட்டியேம்மா" என்று என்னிடம் குதித்தான். பெண்டாட்டியிடம் குதிக்கத் தைரியம் இல்லை. "உன் பிள்ளைகிட்ட போய் அவ அம்மாவை எப்படிக் கூப்பிடுறான்னு கேளு, அப்புறம் வந்து என்கிட்ட குதி" என்றேன். போய்ப் பார்த்தான். திரும்பி வந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஏனென்றால் பிள்ளை தாயைக் கூப்பிடுவதே இல்லை. அன்றையிலிருந்து அம்மாவும் இல்லை, ஆயாவும் இல்லை. பசித்தால் என்னிடம் வந்து, "பாட்டி, பசிக்குது" என்கிறது. தாயிடம் ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நிற்கிறது. எதைச் சொன்னால் சரி, எதைச் சொன்னால் சிவப்பு என்று அதற்குத் தெரியவில்லை. "சொல்லுடி, அம்மான்னு சொல்லு" என்று அதட்ட என் நாக்கு துடிக்கிறது. மருமகள் கண்ணாலேயே தடுத்துவிட்டாள். சொல்லிச் சொல்லித்தான் அந்த வார்த்தையைப் பிடுங்கினாள். சொல்லிச் சொல்லி அதைத் திரும்ப நட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றோடு பதினேழு நாள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன். அவள் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பின்னால் போய் நின்று புடவையைப் பிடித்து இழுக்கிறது. ஒரு தடவை, இரண்டு தடவை. இவளுக்குத் தெரியாமல் இல்லை. முதுகு விறைத்து நிற்கிறது. திரும்பவில்லை. கழுவி முடித்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பிக்கிறாள்.